மல்லாட்டைக் கொல்லையில் ஓடிய கொழும்பு விமானம்

‘தாமத மேலாண்மை’ என்று தலைப்புக் கொடுத்து, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். தலைப்போடேயே சண்டை போடுகிறேன், மன்னியுங்கள். தாமதத்தை யாராலும் மேலாண்மை செய்ய முடியாது. அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும். நாம் சமாளிக்க வேண்டியது பசியோடும் கோபத்தோடும் நம் முன்னால் நிற்கிற மனிதர்களை. அதை நான் கற்றுக்கொண்டது எந்த விமான நிலையத்திலும் இல்லை. கள்ளக்குறிச்சிக்கும் சங்கராபுரத்துக்கும் நடுவில், ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிப் போட்ட ஒரு புளியமரத்துக்கு முன்னால்.

அப்போது நான் திருச்சி விமான நிலையத்தில் டிராஃபிக் அசிஸ்டென்ட். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பெட்டிக்குச் சீட்டுக் கட்டுவது, போர்டிங் பாஸ் கிழித்துக் கொடுப்பது, திட்டு வாங்குவது, இந்த மூன்றும்தான் வேலை. மூன்றாவதில் சீக்கிரமே கைதேர்ந்துவிட்டேன்.

திருச்சியிலிருந்து கொழும்பு எட்டிப்பிடிக்கிற தூரம். ஏறி உட்கார்ந்து பக்கத்து சீட்காரரிடம் ஊர் பெயர் விசாரிப்பதற்குள் கடல் தாண்டிவிடும். இந்த மாதிரிக் குட்டிப் பாதைகளில்தான் ஆபத்து அதிகம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா போகிறவன் இரண்டு நாள் முன்னாடியே மூட்டை கட்டுகிறான். கொழும்பு போகிறவர், ஒரு மணி நேரப் பயணம்தானே என்று, கடைசி நாளில் டிக்கெட் போடுகிறார். நம் பக்கமோ, இருப்பது ஒரே விமானம். அது காலையில் வரவில்லையென்றால் அன்றைக்கு அந்தப் பாதையே கிடையாது.

உங்களுக்கு இப்போது பயணியின் உரிமை எல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. எவ்வளவு தாமதமானால் சாப்பாடு, எவ்வளவு தாமதமானால் தங்க இடம் என்று பயணியே செல்போனில் படித்துக் காட்டி உங்கள் உயிரை எடுக்கிறார். எங்கள் காலத்தில் அது டிக்கெட்டின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சாகியிருக்கும். அதைப் படித்த மனிதரை நான் பார்த்ததே இல்லை, ஒருவரைத் தவிர. அவர் அன்றைக்கு என் பஸ்ஸில் ஏறினார்.

பஸ் எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒரு நாள் காலை எங்கள் ஒரே விமானம் எஞ்சின் கோளாறால் வரவில்லை. ராத்திரி மெட்ராஸிலிருந்து கொழும்புக்கு ஒரு விமானம் இருந்தது, அதில் இடமும் இருந்தது. பயணிகளை பஸ்ஸில் ஏற்றி மெட்ராஸுக்கு அனுப்பிவிடுவது என்று எங்கள் மேலாளர் முடிவு செய்தார். அதுவரைக்கும் சரி. ஆனால் அவர் விதிப்புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுக்கிறவர். போர்டிங் பாஸ் இல்லாமல் ஒரு பயணியும் எங்கள் பொறுப்பில் உள்ள வண்டியில் ஏறக்கூடாது என்று புத்தகத்தில் இருந்ததாம். வண்டி என்று அது சொன்னது விமானத்தை என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அப்படி எங்கே எழுதியிருக்கிறது காட்டு என்றார்.

ஆகவே ஒரு டூரிஸ்ட் பஸ்ஸுக்கு முழு விமான மரியாதையும் நடந்தது. பெட்டிகளை எடை போட்டு, சீட்டுக் கட்டி, பஸ்ஸின் கூரையில் ஏற்றினோம். பயணிகளைத் தடவிச் சோதித்தோம். விமானத்தின் இருக்கைப் படத்தை வைத்து நம்பர் போட்டுக் கொடுத்தோம். பதினேழாவது வரிசை கிடைத்த ஒரு பெரியவர் பஸ்ஸுக்குள் அதைத் தேடிக்கொண்டே போய்ப் பின்கண்ணாடியில் முட்டிக்கொண்டார். விமான நம்பரை ஒரு அட்டையில் எழுதி டிரைவரின் கண்ணாடிக்கு முன்னால் மாட்டினோம். விமானம் கிளம்பும்போது கொடுக்கிற மிட்டாய்த் தட்டும், காதில் வைக்கிற பஞ்சும்கூட வந்து சேர்ந்தன. சாப்பாட்டுக்கு என்று என் கையில் ஒரு கட்டுக் கூப்பன் கொடுத்தார். அது திருச்சி விமான நிலையக் கேன்டீனில் மட்டும் செல்லும்.

துணைக்கு என்னை அனுப்பியதற்கும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் பக்கத்து ஜனங்கள் இடஒதுக்கீடு கேட்டு ரோட்டுக்கு வந்த வருஷங்கள் அவை. எந்த ஊரில் எப்போது மறியல் நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் போராட்டத்தில் உயிர்கள் போயிருக்கின்றன, வீடுகள் எரிந்திருக்கின்றன. அதில் சிரிக்க எதுவும் இல்லை. இந்தக் கதையில் நான் சிரிப்பது என்னையும் என் பஸ்ஸையும் பார்த்துத்தான். நீ கள்ளக்குறிச்சிக்காரன்தானே, வழியில் எவனாவது மறித்தால் உன் ஊர்ப் பேச்சில் பேசிவிடு என்று மேலாளர் சொன்னார். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஏறினேன்.

பஸ்ஸில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் டிக்கெட்டின் பின்பக்கம் படித்தவர். திருச்சி வக்கீல், வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி. பஸ் திருச்சி ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் மூன்று விதிகளை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டார். இன்னொருவர் சரோஜா அக்கா. டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மடியில் ஒரு பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மெட்ராஸ் எப்போது வரும் என்று ஒரே ஒரு முறை கேட்டார். வந்துவிடும் அக்கா என்றேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

அவருடைய பாட்டன் காலத்தில் கடல் தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம். இரண்டு நாடும் ஆட்களைப் பிரித்துக்கொண்ட ஒப்பந்தத்தில் இவருடைய கூடப்பிறந்த அக்காவை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள், இவர் அங்கேயே தங்கிவிட்டார். கொழும்பில் கணவர் தையல் கடையில் வேலை, இரண்டு பிள்ளைகள், சின்னதுக்கு மூன்று வயது. உடம்பு சரியில்லாத அக்காவைப் பார்க்கத் திருச்சி வந்திருந்தார். திரும்பி உள்ளே நுழைய அந்த நாட்டு அரசாங்கம் கொடுத்திருந்த அனுமதிக்கு அன்றைக்குத்தான் கடைசி நாள். நாள் முடிவதற்குள் கொழும்பில் இறங்க வேண்டும். இல்லையென்றால் புதிதாக விண்ணப்பித்து, மாதக்கணக்கில் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம். அதுவரைக்கும் பிள்ளைகள் அங்கே, அவர் இங்கே. இதையெல்லாம் அவர் அழாமல் சொன்னார். நான் டிரைவரிடம் போய், கொஞ்சம் வேகமாக ஓட்டச் சொன்னேன்.

பெரம்பலூர் தாண்டியதும் எதிரே வந்த லாரிக்காரர் கையைக் காட்டி நிறுத்தி, உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் மறியல் என்றார். நான் அசரவில்லை. சின்னசேலம் வழியாகக் கள்ளக்குறிச்சி, அங்கிருந்து சங்கராபுரம், திருவண்ணாமலை, அப்படியே மெட்ராஸ் என்று டிரைவருக்கு வழி சொன்னேன். எங்க ஊர் ரோட்டை யார் மறிப்பார்கள் என்று ஒரு திமிர். கள்ளக்குறிச்சியைத் தாண்டி, இடது பக்கம் கல்வராயன் மலை மேகத்தோடு தெரிய ஆரம்பித்ததும், நான் எழுந்து நின்று அதைப் பயணிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். டிரைவர் பிரேக் போட்டார். முன்னால் புளியமரம் கிடந்தது.

மரத்தின் மேல் ஒரு வரிசை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாகக் கல் கூட்டி அடுப்பு, அண்டாவில் உலை. எங்களுக்கு முன்னாலேயே மலையிலிருந்து மூங்கில் ஏற்றி வந்த ஒரு லாரி மாட்டிக்கொண்டிருந்தது. அதில் வந்த மலைக்காரர்கள் நாலைந்து பேர் நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். மறியலுக்குப் பொறுப்பாளர் ஏழுமலை. ஊரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர் என்பதால், வேப்பமரத்தில் ஒரு குழாய் ஒலிபெருக்கி கட்டி, மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே நடமாடினார். சொந்த மைக் உள்ளவர்களுக்கு அதைக் கீழே வைக்க மனசு வராது.

நான் இறங்கிப் போய், நானும் கள்ளக்குறிச்சிதாங்க என்று பல்லைக் காட்டினேன். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். அப்பா பெயர் கேட்டார். அதையும் சொன்னேன். அப்படியானால் மறியலுக்கு வர உனக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டு, மரத்தில் எனக்கு இடம் ஒதுக்கி, நகர்ந்து உட்கார்ந்தார். ஊர்க்காரன் என்ற சீட்டு அத்தோடு கிழிந்தது.

இந்த நேரம் பார்த்து வக்கீல் இறங்கி வந்தார். பூதக்கண்ணாடியும் டிக்கெட்டும் கையில். தாமதம் எல்லை தாண்டிவிட்டது, சாப்பாடு எங்கே என்றார். கூப்பனைக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்காகத் திருச்சிக்குத் திரும்ப வேண்டுமா என்றார். எனக்கு எரிச்சல். விமானம் தாமதமானால்தான் சாப்பாடு, பஸ் தாமதத்துக்கு விமானக் கம்பெனி பொறுப்பில்லை என்று ஒரு சட்டம் பேசினேன்.

"என்னிடம் டிக்கெட் இருக்கிறது, போர்டிங் பாஸ் இருக்கிறது, என் பெட்டிக்குச் சீட்டு இருக்கிறது, வண்டியில் விமான நம்பர் இருக்கிறது. சட்டப்படி நான் இப்போது விமானத்துக்குள் இருக்கிறேன்," என்றார் வக்கீல்.

நான் பொறுமையை விட்டேன். பஸ்ஸின் டயரை உதைத்துக் காட்டி, "இது பஸ் சார். டயரைப் பாருங்க, கூரையைப் பாருங்க. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் இது பஸ்தான்," என்று கத்தினேன். ஏழுமலை என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மைக் ஆன் செய்த நிலையில் அவர் கையில் இருந்தது. நான் சொன்னது வேப்பமரத்துக் குழாய் வழியாகச் சுற்றுவட்டாரக் கொல்லைகள் முழுக்கக் கேட்டது. நிலக்கடலை என்று நீங்கள் சொல்கிற மல்லாட்டைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

சரோஜா அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி, அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. சும்மா உட்கார முடியவில்லை, வெங்காயமாவது உரிக்கிறேன் என்று கேட்டு ஒரு முறத்தை வாங்கிக்கொண்டாராம். அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றவர் ஏழுமலையின் மனைவி அஞ்சலை.

நான் ஏழுமலையிடம் கெஞ்ச ஆரம்பித்தேன். யாரையெல்லாம் விடுவீர்கள் என்று கேட்டேன். பால் வண்டி, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பிணம், கல்யாணக் கோஷ்டி, இவ்வளவுதான் என்றார். மற்றபடி பஸ், லாரி, கார், மாட்டு வண்டி எதுவும் போகக்கூடாது என்று மேலே இருந்து உத்தரவு.

"விமானத்தை மறிக்கச் சொல்லி உத்தரவு இருக்குதுங்களா?" என்று கேட்டேன். எப்படி அது வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

ஏழுமலை யோசித்தார். "பிளேனு பத்தி ஒண்ணும் சொல்லல. ஆனா இது பஸ்சுன்னு நீயேதான தம்பி இப்ப மைக்குல சொன்ன? எங்க ஜனம் மொத்தமும் கேட்டுக்கினு இருந்துச்சே."

இங்கே நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். பயணி ஒரு உரிமையைக் கேட்டால் சட்டென்று இல்லை என்று சொல்லாதீர்கள். பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், யோசிக்கிறேன் என்று சொல்லுங்கள், தலையைச் சொறியுங்கள். பத்து நிமிஷத்தில் அதே உரிமை உங்களுக்கே தேவைப்படும். அப்போது நீங்கள் உதைத்த டயர் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

வக்கீலிடம் போய் நின்றேன். சார், இது விமானம்தான் என்றேன். அவர் பூதக்கண்ணாடியை என் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அதை எழுத்தில் தருவாயா என்றார். வேண்டியதில்லை, மைக்கில் சொல்கிறேன் என்றேன். மனிதர் குளிர்ந்துபோனார். நாற்பது வருஷ வக்கீல் தொழிலில் எதிர்க்கட்சி இப்படி மைக்கில் சரணடைந்து நான் பார்த்ததில்லை என்று சொல்லி, வழக்கைத் தானே எடுத்துக்கொண்டார்.

புளியமரமே கோர்ட்டாயிற்று. நான் முதலில் மைக்கை வாங்கி, சற்றுமுன் சொன்னது தவறு, இது விமானம்தான் என்று அறிவித்தேன். கொல்லைகளில் மறுபடி எல்லோரும் நிமிர்ந்தார்கள். வக்கீல் போர்டிங் பாஸ்களைக் காட்டினார், பெட்டியில் கட்டிய சீட்டுகளைக் காட்டினார், அட்டையைக் காட்டினார். பதினேழாவது வரிசைப் பெரியவரைச் சாட்சியாகக் கூப்பிட்டு, பஸ்ஸில் பதினேழாவது வரிசை இருக்குமா என்று கேட்டார். பெரியவர் நெற்றிப் புடைப்பைத் தொட்டுக் காட்டி, பஸ்ஸில் இல்லை என்று உறுதியாகச் சொன்னார். மரத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

ஏழுமலை சுலபமாக மசிகிறவர் இல்லை. பிளேன் என்றால் உள்ளே என்ன என்ன கொடுப்பார்கள் என்று கேட்டார். எனக்கு மிட்டாய்த் தட்டு ஞாபகம் வந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தட்டை இரண்டு கையில் ஏந்தி, மரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஒவ்வொருவருக்கும் முன்னால் குனிந்து, மிட்டாயும் பஞ்சும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பஞ்சு எதற்கு என்று கேட்டார்கள். காதுக்கு என்றேன். கொஞ்ச நேரத்தில் மறியல் செய்கிற அத்தனை பேரும் காதில் பஞ்சோடு, வாயில் மிட்டாயோடு, புளியமரத்தில் நேராக உட்கார்ந்து, மரம் எப்போது கிளம்பும் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தார்கள். மூங்கில் லாரியோடு வந்த மலைக்காரர்களில் மூத்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அவர்கள் லாரியைக் கப்பல் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று விசாரித்தார். வக்கீல் அந்த வழக்கை எடுக்க மறுத்துவிட்டார்.

அடுத்து சாப்பாடு. விமானம் என்று நானே ஒப்புக்கொண்டாயிற்று, ஆகவே போடத்தான் வேண்டும். என்னிடம் கூப்பனைத் தவிர ஒன்றும் இல்லை. அஞ்சலை அக்கா அண்டாவைத் திறந்து, எல்லாருக்கும் இருக்கிறது, இலையைப் போடு என்றார். அங்கே போனபோதுதான் சரோஜா அக்கா முந்தானையில் கண்ணைத் துடைத்தபடி அவர் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தேன். வெங்காயம் என்று நினைத்துக்கொண்டு, சாம்பார் சாதத்தை வாளியில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வக்கீல் மட்டும் கீழே உட்கார்ந்து சாப்பிட மறுத்தார். விமானப் பயணிக்கு இருக்கையில்தான் பரிமாற வேண்டுமாம். பஸ்ஸுக்குள் ஏறி, அவர் மடியில் இலை விரித்துப் பரிமாறினேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் கம்பெனியின் சமையல் தரம் உயர்ந்திருப்பதாகச் சொன்னார்.

உச்சி வெயில் சாய ஆரம்பித்தது. இதற்கு மேல் நின்றால் மெட்ராஸ் விமானம் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. மிட்டாயும் தீர்ந்துவிட்டது, சட்டமும் தீர்ந்துவிட்டது. ஏழுமலையைத் தேடினேன். அவர் அடுப்புப் பக்கம் நின்று, மனைவி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அஞ்சலை அக்கா கரண்டியை ரோட்டுக்கு வலது பக்கம் நீட்டி என்னவோ சொன்னார். இவர் ஏதோ மறுத்தார். அந்த அம்மா கரண்டியை இறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இவர் காதில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டு, மைக்கோடு வந்தார்.

"விசாரிச்சிட்டோம். இது பிளேனுதான்," என்று குழாயில் அறிவித்தார். பஸ்ஸுக்குள் கை தட்டினார்கள். "ஆனா மரத்த நவுத்த மாட்டோம். நவுத்துனா மறியல் போச்சு. ரோட்டதான் நாங்க மறிச்சிக்கினு இருக்கோம். பிளேனுக்கு இன்னாத்துக்கு ரோடு? பக்கத்துல பூந்து போவச் சொல்லு."

ரோட்டுக்கு வலது பக்கம் இருந்தது ஒரு மல்லாட்டைக் கொல்லை. கரும்பச்சையாக, காய் பிடிக்கிற பருவம். ரோட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு வாய்க்கால். டிரைவர் என்னைப் பார்த்தார். யார் கொல்லைங்க என்று கேட்டேன். ஆகாசத்துக்கு யார் சொந்தக்காரன், சீக்கிரம் கிளம்பு என்று ஏழுமலை அதட்டினார். அதற்குள் மலைக்காரர்கள் லாரியிலிருந்து மூங்கிலை இறக்கி வாய்க்காலின் மேல் அடுக்கிவிட்டார்கள். கப்பல் வழக்கில் தோற்ற வருத்தத்தை அவர்கள் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

பயணிகளை இறக்கிவிட்டு, காலி பஸ்ஸை ஓட்டுவதாகத் திட்டம். வக்கீல் இறங்கவில்லை. விமானம் தரையில் நகரும்போது பயணிகள் எழுந்து நிற்கக்கூடாது என்று விதி இருக்கிறதாம். அவர் ஒருவரை மட்டும் சுமந்துகொண்டு பஸ் மூங்கிலில் ஏறி, மடமடவென்று சத்தத்தோடு கொல்லைக்குள் இறங்கியது. முதல் நாள் மழை பெய்திருந்தது. பாதி தூரத்தில் பின்சக்கரம் புதைந்தது. மறியல்காரர்கள், மலைக்காரர்கள், பயணிகள் எல்லோரும் ஒன்றாகப் பின்னால் நின்று தள்ளினோம். காதில் பஞ்சோடு தள்ளியவர்களுக்கு ஏலேலோ சொன்னது கேட்கவில்லை, அதனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் தள்ளினார்கள். சரோஜா அக்காவும் தள்ளினார். அஞ்சலை அக்கா அவருக்குப் பக்கத்தில் நின்று தோள் கொடுத்தார். ஏழுமலை மட்டும் மைக்கில், விமானம் புறப்படப் போகிறது, ஆடு மாடுகளை ஓரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்துக்கொண்டே இருந்தார். பஸ் உறுமிக்கொண்டு மேலேறி, மரத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டைத் தொட்டது. என் சட்டை முழுக்கச் சேறு. எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா, இந்த முப்பத்துச் சொச்ச வருஷ வேலையில் அவ்வளவு சந்தோஷம் வேறு எதிலும் இல்லை.

மெட்ராஸ் போய்ச் சேர்ந்தபோது விமானம் புறப்பட வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. சரோஜா அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்து முன்னால் ஓடினேன். கவுண்டரில் இருந்த பையன் கொட்டாவி விட்டான். விமானம் இன்னும் கிளம்பவில்லை, விமானி வந்த காரும் எங்கேயோ மறியலில் மாட்டிக்கொண்டதாம். வாழ்க்கையில் ஒரே ஒரு தாமதத்துக்குத்தான் நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருக்கிறேன், அது அந்தத் தாமதம். வக்கீல் உடனே கவுண்டருக்குப் போய், தாமதத்துக்கு டீயும் பிஸ்கட்டும் எங்கே என்று கேட்டார். நான் குறுக்கே பேசவில்லை. பார்க்கிறேன் சார் என்றேன்.

அவர்கள் விமானம் ஏறியதும் கொழும்பில் எங்கள் கவுண்டருக்கு டெலக்ஸில், அதாவது அந்தக் காலத்து ஈமெயிலில், விஷயத்தைச் சொல்லி, சரோஜா அக்காவை வரிசையில் முதலாவதாக விடுங்கள் என்று கேட்டேன். நாள் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் பதில் வந்தது. அவர் உள்ளே போய்விட்டார், வெளியே ஒரு ஆளும் இரண்டு பிள்ளைகளும் நின்றிருந்தார்கள், சின்னது தூங்கிவிட்டது என்று அந்த ஊர்க்காரர் இரண்டு வரி அடித்திருந்தார்.

போராட்டம் ஓய்ந்து ஊருக்குப் போனபோது அந்தப் பக்கம் போனேன். மேலாளரிடம் பேசி, கொல்லைக்காரருக்கு நஷ்ட ஈடு கொடுக்கக் கம்பெனியை ஒப்புக்கொள்ள வைத்திருந்தேன். நாங்கள் போன பிறகு இரண்டு நாள் ஜீப்பு, டிராக்டர் எல்லாம் வந்து தங்களையும் பிளேன் என்று சொன்னதாகவும், ஏழுமலை போர்டிங் பாஸ் கேட்டுத் திருப்பி அனுப்பியதாகவும் டீக்கடையில் சொன்னார்கள். அந்த மல்லாட்டைக் கொல்லை யாருடையது என்று கேட்டேன். ஏழுமலை கொல்லைதான், வேறு யாருது என்றார்கள். அவருக்கு இருந்ததே அது ஒன்றுதானாம்.

கொல்லையில் இரண்டு சக்கரத் தடம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பள்ளமாகக் கிடந்தது. பஸ் புதைந்த இடத்தில் செடியே இல்லை. அஞ்சலை அக்கா மீதி இருந்த செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். நான் நஷ்ட ஈடு விஷயத்தைச் சொன்னேன், கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றேன். அந்த அம்மா தடத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இன்னா தம்பி சொல்ற? பிளேனு போனதுக்கு எங்கியாச்சும் ஆகாசத்துல தடம் இருக்குமா? அத்த வுடு. அந்தப் பொண்ணு அன்னிக்கே போயி புள்ளைங்கள பாத்துச்சா?"

"பாத்துட்டாங்க அக்கா. வூட்டுக்காரரும் புள்ளைங்களும் வாசல்லயே வந்து நின்னாங்களாம். சின்னது தூங்கிடுச்சாம்."

"தூங்கிடுச்சா," என்றார் அஞ்சலை அக்கா. அதை இன்னொரு முறை தனக்குள் சொல்லிக்கொண்டு, மறுபடி குனிந்து மண் அணைக்க ஆரம்பித்தார்.